எதிர்க்கேள்வி கேட்காத ஆலோசகர்

ஒரு லிட்டர் கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் குளோரைடு மட்டும் சுமார் 19 கிராம். புரோமைடோ சுமார் 67 மில்லிகிராம்தான். நம் நாகூருக்குத் தெற்கே, 1930இல் ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த வேதாரண்யத்தில், இன்றும் பாத்திகளில் நீரைத் தேக்கி வெயிலில் காயவைத்து உப்பு எடுக்கிறார்கள். உப்பு படிந்தபின் மிஞ்சும் கசப்பு நீரில் புரோமைடு பெரும்பாலும் தங்கிவிடுகிறது. 1826ஆம் ஆண்டு பிரான்சின் மோன்பெல்லியே நகரில் அந்துவான் பலார் என்னும் இளைஞர் புரோமின் என்ற தனிமத்தைக் கண்டறிந்ததும் இத்தகைய உப்பள நீரிலிருந்துதான்.

குளோரினும் புரோமினும் ஒரே தனிமக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சோடியம் குளோரைடும் (நம் சமையல் உப்பு) சோடியம் புரோமைடும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் வெண்ணிறப் பொருள்கள். அப்படியானால் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை உண்ணலாமா?

மறந்துபோன மருந்து

இதற்கான விடை நெடுநாளைக்கு முன்பே தெரிந்துவிட்டது. 1857இல் லண்டன் மருத்துவர் சார்லஸ் லோகாக், வலிப்பு நோய்க்குப் பொட்டாசியம் புரோமைடு பயன்படுவதாக அறிவித்தார். விரைவிலேயே அது தூக்கத்திற்கும் மன அமைதிக்கும் கடைகளில் தாராளமாக விற்கப்படும் மருந்தாயிற்று.

ஆனால் புரோமைடு உடலை விட்டு எளிதில் வெளியேறுவதில்லை. உட்சென்றதில் பாதி நீங்கவே சுமார் 12 நாள் ஆகும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாள்தோறும் ஒரே அளவு உட்கொண்டால், இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 17 நாள் அளவு உடலில் தேங்கி நிற்கும்! அதன் விளைவு மனக்குழப்பம், இல்லாதது தெரிவது, தள்ளாட்டம், தோலில் கொப்புளங்கள். 'புரோமிசம்' என்று இதற்குப் பெயரே சூட்டினார்கள். அமெரிக்காவில் 1975 முதல் 1989 வரை கடை மருந்துகளிலிருந்து புரோமைடு படிப்படியாக நீக்கப்பட்டது. அதன்பின் அந்நோயும் அரிதாயிற்று.

மீண்டும் வந்த நோய்

2025 ஆகஸ்டில் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான செய்தியைக் கேளுங்கள். 60 வயதான ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர் தனக்கு விஷம் வைக்கிறார் என்ற அச்சத்துடன் மருத்துவமனைக்கு வந்தார். தாகம் மிகுந்திருந்தும், தண்ணீர் கொடுத்தால் சந்தேகப்பட்டார். இரத்தத்தில் குளோரைடு அளவுக்கு மீறி இருப்பதாக ஆய்வகக் கருவி காட்டியது. உண்மையில் அக்கருவி புரோமைடையே குளோரைடு என்று எண்ணிக்கொண்டது. பிறகு அளந்தபோது புரோமைடு லிட்டருக்கு 1,700 மில்லிகிராம் இருந்தது. சாதாரணமாக அது 7.3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

நடந்தது என்ன? உப்பின் தீமைகளைப் பற்றிப் படித்த அவர், உணவிலிருந்து குளோரைடை அறவே நீக்க விரும்பினார். சாட்ஜிபிடியிடம் ஆலோசனை கேட்டபின், சோடியம் புரோமைடை இணையத்தில் வாங்கி, மூன்று மாதம் உப்புக்குப் பதிலாகச் சேர்த்துக்கொண்டார். அவர் படிக்காதவர் அல்லர். கல்லூரியில் சத்துணவியல் பயின்றவர். மூன்று வாரச் சிகிச்சைக்குப் பின் தேறினார். இந்நோய்க்குத் தரப்படும் முக்கியச் சிகிச்சை எது தெரியுமா? அவர் விலக்கி வைத்த அதே உப்பு கரைந்த நீர்தான்!

அவருடைய உரையாடல் மருத்துவர்களுக்குக் கிடைக்கவில்லை. எனவே குளோரைடுக்கு மாற்று எது என்று அவர்களே அந்தக் கணிப்பொறியைக் கேட்டுப் பார்த்தார்கள். விடையில் புரோமைடும் இருந்தது. சூழ்நிலையைப் பொறுத்தது என்று பொதுவாகச் சொன்ன கணிப்பொறி, உடல்நலம் பற்றித் தெளிவாக எச்சரிக்கவில்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்றும் வினவவில்லை.

கேள்வி மட்டுமே கேட்ட கணிப்பொறி

இங்கேதான் வரலாறு ஒரு விந்தையைக் காட்டுகிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்பவர் உருவாக்கி, 1966இல் அறிவித்த 'எலிசா' என்ற உரையாடும் நிரல் கேள்வி கேட்பதை மட்டுமே அறியும். தாயைப் பற்றி வருத்தத்துடன் தட்டச்சு செய்தால், குடும்பத்தைப் பற்றி மேலும் சொல்லச் சொல்லும். அதற்கு உலக அறிவு எதுவும் இல்லை. நாம் தந்த சொற்களையே திருப்பிப் போடும். அப்படியிருந்தும் மக்கள் அதனிடம் மனம் திறந்தார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று அறிந்திருந்த அவருடைய செயலாளரே, தனிமையில் பேச வேண்டும் என்று அவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னாராம். திகைத்த வைசன்பாம், 1976இல் இந்த மயக்கத்தை எச்சரித்து ஒரு நூலே எழுதினார்.

2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடி வேறு வகை. கோடிக்கணக்கான பக்கங்களில் எந்தச் சொல்லை அடுத்து எந்தச் சொல் வரும் என்று பயின்று, விடையைக் கோத்துத் தருகிறது. குளோரைடுக்கு மாற்றாகப் புரோமைடு என்பது சில வேதியியல் வேலைகளுக்குச் சரியே. சாப்பாட்டுக்கு அது பொருந்தாது. எலிசாவிடம் கேள்வி இருந்தது, அறிவு இல்லை. இதனிடம் ஏராளமான செய்தி உண்டு, ஆனால் கேட்பவரின் நோக்கத்தை அது பல வேளைகளில் விசாரிப்பதில்லை. சரளமாகப் பேசுபவருக்கு விஷயம் தெரியும் என்று நம்பும் நம் வழக்கம் மட்டும் 1966இல் இருந்தபடியே இருக்கிறது.

நமக்கு என்ன?

இரத்த அழுத்தத்திற்காக உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட பெரியவர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். உப்புக்குப் பதில் என்ன என்று கைப்பேசியில் கேட்டால், பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு என்ற விடை வரக்கூடும். பலருக்கு அது நல்லதே. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், இரத்த அழுத்தத்திற்கான சில மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே பாதிக்கலாம். மருத்துவரிடம் சென்றால், சிறுநீரகம் எப்படி, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவர் முதலில் விசாரிப்பார்.

ஆகவே, வாசகர்களே, கணிப்பொறியிடம் கேட்பதில் தவறில்லை. கேட்கும்போது வயது, நோய், மருந்துகள், நோக்கம் ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னும் என்ன தெரிய வேண்டும் என்று அதையே கேளுங்கள். வந்த விடையை வாயில் போடுமுன், உங்கள் மருத்துவரிடமோ மருந்துக் கடையில் உள்ள மருந்தாளுநரிடமோ காட்டுங்கள். அவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.