நீச்சல் குளம் தந்த காலுறை

கான்ராட் ஜாப்ஸ்ட் ஜெர்மனியில் பிறந்து, அமெரிக்காவின் டொலிடோ நகரில் வாழ்ந்த பொறியாளர். இயந்திரங்களோடு பழகிய அவருக்குத் தன் காலோடுதான் ஓயாத போராட்டம். சிரை நோயால் வந்த புண் ஆறவே இல்லை. நீச்சல் குளத்தில் இறங்கி நின்றால் மட்டும் வலி அடங்கியது. கரையேறினால் மறுபடி கனம்.

ஏன் என்று அவர் யோசித்தார். விடை தண்ணீரின் ஆழத்தில் இருந்தது.

நாம் அசையாமல் நிற்கும்போது, கணுக்கால் சிரைகளில் ரத்தத்தின் அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரசம். நடந்தால் கெண்டைக்கால் தசை ரத்தத்தைப் பிழிந்து மேலேற்றும். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அதைத் திரும்ப இறங்கவிடாது. வால்வு பழுதானால் ரத்தம் தேங்கிக் கால் வீங்கும், சிரை புடைத்து நெளியும். நம் ஊரில் இதை ‘நரம்புச் சுருட்டு’ என்கிறோம். சுருள்வது நரம்பல்ல, ரத்தக்குழாய். குளத்தில் நிற்பவரின் காலைத் தண்ணீர் வெளியிலிருந்து அழுத்துகிறது, அதுவும் ஓர் அடி ஆழத்துக்குச் சுமார் 22 மி.மீ. வீதம் கூடிக்கொண்டே போகிறது. கணுக்காலில் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. அதே அழுத்தத்தைத் துணியில் நெய்ய முடியுமா? 1950-ஐ ஒட்டி ஜாப்ஸ்ட் உருவாக்கிய காலுறை அதைத்தான் செய்தது.

காலை இறுக்கிக் கட்டும் வைத்தியம் கிரேக்கத்து ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸின் அறுவை மருத்துவர் ரிச்சர்ட் வைஸ்மன், கயிறு கோத்து இறுக்கும் தோல் காலுறையைப் பயன்படுத்தினார். வீக்கம் வடிந்தால் கயிற்றை இன்னும் இழுத்துக் கட்டலாம், நல்ல யோசனைதான். ரப்பரைப் பதப்படுத்தும் வித்தை கைவந்தபின், 1848-இல் வில்லியம் பிரவுன் ரப்பர் இழைக் காலுறைக்குக் காப்புரிமை பெற்றார். இறுக்கம் கிடைத்தது. ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்ற கணக்குக்கு ஜாப்ஸ்டின் குளம்தான் வழிகாட்டியது.

1958-இல் டுபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் ஸ்பான்டெக்ஸ் இழையைக் கண்டுபிடித்தார். காலுறையை மெல்லிசாகவும் நன்றாக நீளும்படியும் நெய்வது அதன்பிறகு எளிதானது.

அப்படியும் இந்தக் காலுறையை மாட்டுவது இன்றும் ஒரு கலை. குதிகால் பகுதி வரை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, முதலில் பாதத்தை நுழைக்க வேண்டும். குதிகால் சரியாக அமர்ந்தபின், மேல்விளிம்பைப் பிடித்து இழுக்காமல், ரப்பர் கையுறை அணிந்த உள்ளங்கையால் கொஞ்சம் கொஞ்சமாக நீவி ஏற்ற வேண்டும். மடிப்பு விழுந்தால் அந்த இடத்தில் இறுக்கம் கூடித் தோல் புண்ணாகும். குனிய முடியாதவர்களுக்குக் கம்பிச் சட்டங்கள் கிடைக்கின்றன.

காலையில் படுக்கையை விட்டு எழுமுன், வீக்கம் ஏறுவதற்கு முன்பே அணிந்துவிடுங்கள். கடையில் கேட்டு வாங்குவதற்கு முன், காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிகள் சரியாக இருக்கின்றனவா என்று மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே அடைப்பு இருந்தால் இந்த இறுக்கமே காலுக்குக் கேடாகிவிடும்.