கிணறு எவ்வளவு ஆழம்?

அக்கா மகனுக்கு ஆறு வயது. ஆட்டிசம் உள்ளவன். போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து கத்த ஆரம்பித்தான். "ரெண்டு போடு போட்டா சரியாயிடும்" என்றார் ஒரு பெரியவர். "கண்டுக்காம விடு, தானா அடங்குவான்" என்றார் இன்னொருவர். "அம்மா வேலைக்குப் போனா பிள்ளைங்க இப்படித்தான்" என்று பின்வரிசையில் ஒரு குரல். அக்கா யாருக்கும் பதில் சொல்லாமல் அவனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

அன்று இரவு ஆட்டிசத்தின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கினேன். மண்டபத்தில் கேட்ட மூன்று வாக்கியங்களையும் 20ஆம் நூற்றாண்டின் நிபுணர்கள் ஏற்கெனவே பெரிய சொற்களில் சொல்லி வைத்திருந்தார்கள்.

கதை அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் தொடங்குகிறது. 1933இல் அங்கே பிறந்த டொனால்ட் டிரிப்லெட்டை, மருத்துவர்களின் பேச்சைக் கேட்டு 1937இல் பெற்றோர் ஒரு விடுதியில் விட்டார்கள். அடுத்த ஆண்டே மனசு கேட்காமல் திரும்பக் கூட்டி வந்தார்கள். வழக்கறிஞரான அப்பா, மகனைப் பற்றி 33 பக்கக் கடிதம் எழுதினார். அது பால்டிமோரில் இருந்த குழந்தை மனநல மருத்துவர் லியோ கானரிடம் போனது. 1943இல் கானர் வெளியிட்ட கட்டுரையின் 11 குழந்தைகளில் முதலாமவன் டொனால்ட். அந்தக் குழந்தைகளை நடுங்க வைத்தவற்றைக் கானர் கவனமாகக் குறித்திருக்கிறார்: வாக்குவம் க்ளீனர், லிஃப்ட், ஓடும் தண்ணீர், சில சமயம் காற்றுகூட. அதாவது, அழுகைக்குக் காரணம் முதல் கட்டுரையிலேயே இருந்தது.

ஆனால் அதே கட்டுரை இன்னொன்றையும் சொன்னது. இது பிறவியிலேயே வருவது என்று எழுதிய கானர், பெற்றோரில் வாஞ்சையானவர்கள் குறைவு என்றும் எழுதினார். 1949இல் 'குளிர்பதனப் பெட்டி' உவமையையும் சேர்த்துக்கொண்டார். அந்த வரிகள் பற்றிக்கொண்டன. நாஜி வதைமுகாம்களில் அடைபட்டு மீண்ட புரூனோ பெட்டல்ஹைம், 1967இல் வெளிவந்த தன் நூலில் இந்தக் குழந்தைகளை முகாம் கைதிகளோடு ஒப்பிட்டார். அப்படியென்றால் அம்மா யார்? சிகாகோவில் அவர் நடத்திய பள்ளியில் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தே வைத்தார்கள். இதை எதிர்த்து எழுந்தவரும் ஒரு அப்பாதான். உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட், ஆட்டிசத்தின் வேர் உடலில் இருக்கிறது என்று 1964இல் புத்தகம் எழுதினார். 1969இல் பெற்றோர் கூட்டம் ஒன்றில் கானரே அவர்கள்மேல் குற்றமில்லை என்று சொன்னார். அதற்குள் ஒரு தலைமுறை அம்மாக்கள் குற்றவுணர்விலேயே காலம் தள்ளியிருந்தார்கள்.

மற்ற இரண்டு வாக்கியங்கள் லாஸ் ஏஞ்சல்ஸில் ஐவர் லோவாஸின் ஆய்வுக்கூடத்தில் கிடைக்கின்றன. நல்ல நடத்தைக்கு உணவும் பாராட்டும், அழுதால் கண்டுகொள்ளாமை, சில குழந்தைகளுக்கு அறையும் மின்னதிர்ச்சியும். 1965இல் 'லைஃப்' இதழ் இதைப் படங்களோடு வெளியிட்டது. இன்று பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. ஆனால், தலையைச் சுவரில் மோதி ரத்தம் வழியும் பிள்ளையோடு வாழ்ந்த பெற்றோருக்கு அன்று ஏதாவது செய்யலாம் என்று சொன்னவர்கள் மிகச் சிலர். அவரிடம் பேசக் கற்ற குழந்தைகளும் உண்டு. என் உறுத்தல் வேறு. அந்த முறை அழுகையை எண்ணியது, பதிவு செய்தது, குறைத்தது. குழந்தை எதற்காக அழுகிறது, உள்ளே என்ன வலிக்கிறது என்பது அதன் கணக்கில் வரவில்லை. மென்பொருள் எழுதுபவன் என்பதால் எனக்கு இது நன்றாகத் தெரியும்: எரர் மெசேஜை மறைத்துவிட்டால் புரோகிராம் சரியாகிவிடாது.

இதற்கெல்லாம் முன்பே வேறொரு வழி நடந்திருக்கிறது. 1942இல் டொனால்டை ஊரிலிருந்து 10 மைல் தள்ளி, ஒரு குத்தகை விவசாயத் தம்பதியிடம் விட்டார்கள். 1945இல் அங்கே போன கானர் அசந்துபோனார். பையனுக்கு அளப்பதில் வெறி. சரி, கிணறு தோண்டு, எவ்வளவு ஆழம் என்று வந்து சொல் என்றார்கள். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் சேர்த்தான். அவற்றுக்கு இடுகாடாக ஓரிடம் ஒதுக்கித் தந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை வைத்து, அதில் அந்த விவசாயியின் குடும்பப்பெயரையும் சேர்த்து எழுதினான். சோளப் பாத்திகளைத் திரும்பத் திரும்ப எண்ணினான். உழுதுகொண்டே எண்ணு என்றார்கள். கானர் பார்த்துக்கொண்டிருக்க, ஆறு நீண்ட வரிசைகளை உழுது முடித்தான். இதையெல்லாம் 1971இல்தான் கானர் விரிவாக எழுதினார்.

டொனால்ட் பட்டம் பெற்றார், வங்கியில் வேலை பார்த்தார், கோல்ஃப் ஆடினார், 2023இல் 89 வயதில் இறந்தார். வசதியான குடும்பம், வங்கியும் தாய்வழியில் சொந்தம். எல்லாருக்கும் இது வாய்க்காது. ஆனால் அந்தக் குத்தகைக்காரர்களிடம் பணமில்லை. பையனுக்கு எது தேவை என்று பார்க்கும் கண் இருந்தது.

ஆட்டிசம் உள்ளவர்களே எழுத ஆரம்பித்த பிறகுதான் பாடநூல்கள் மெல்ல அங்கே வந்தன. ஒலி, ஒளி, தொடுதல் மீதான மிகையுணர்வை அமெரிக்க மனநலக் கையேடு ஓர் அறிகுறியாகச் சேர்த்தது 2013இல்.

அன்று மண்டபத்து வாசலுக்கு நானும் போனேன். இருவரும் படியில் உட்கார்ந்து, நிறுத்தியிருந்த கார்களின் நம்பர் பிளேட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். அழுகை நின்றிருந்தது. அக்காவுக்குக் கானரையும் தெரியாது, கிணற்றையும் தெரியாது. உள்ளே அந்தப் பெரியவருக்குப் பதில் சொல்லாமல் வாயை மூடி நின்றவன் நான்தான். அடுத்த மாதம் இன்னொரு கல்யாணம் இருக்கிறது. இந்த முறை சொல்லிவிட வேண்டும்.