செத்தால் முதலிலிருந்து: ஒரு விளையாட்டின் வரலாறு



சற்று நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

சென்ற வாரம் இடைவேளையில் தரம் 10 பிள்ளைகளுடன் கதைத்துக்கொண்டிருந்தோம். கதை போன் விளையாட்டுப் பக்கம் திரும்பியது. "நாங்க கல்வியியற் கல்லூரியில இருந்த காலத்துல ஒரு விளையாட்டு விளையாடினோம். அதில ஒருக்காச் செத்தா செத்ததுதான். எவ்வளவு தூரம் போயிருந்தாலும் முதல்ல இருந்துதான் தொடங்கணும்" என்றோம். ஒரு மாணவன் உடனே கேட்டான்: "அப்ப அதில என்ன சேர் லாபம்?"

அதற்குள் மணி அடித்துவிட்டது. அவனுக்குச் சொல்ல நினைத்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம்.

1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மைக்கேல் டோய், கிளென் விச்மன் என்ற இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு கணினி விளையாட்டை எழுதத் தொடங்கினார்கள். பின்னர் கென் ஆர்னல்ட் என்பவரும் சேர்ந்துகொண்டார். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ரோக்'. அதுவரை இருந்த சாகச விளையாட்டுகளில் அவர்களுக்கு ஒரு குறை தெரிந்தது. ஒரு தடவை விடை கண்டுபிடித்துவிட்டால் அடுத்த தடவை ருசி இல்லை. எல்லாம் அதே இடத்தில் இருக்கும். ஆகவே ஒவ்வொரு ஆட்டத்திலும் அறைகளையும் வழிகளையும் கணினியே புதிதாக அமைக்கும்படி செய்தார்கள். எழுதியவர்களுக்கே அடுத்த அறையில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

அதில் படம் எதுவும் கிடையாது. மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வருமே, அந்தச் சுழிக் குறிதான் நமது வீரன். ஏ முதல் இசட் வரையான 26 ஆங்கில எழுத்துகளும் 26 வகை எதிரிகள். நிலத்துக்கு அடியில் தளம் தளமாக இறங்கி, 26ஆவது தளத்தில் இருக்கும் தாயத்தை எடுத்துக்கொண்டு மேலே திரும்பி வர வேண்டும். இடையில் இறந்தால் திரையில் ஒரு கல்லறை தோன்றும். ஆட்டம் முடிந்தது.

ஆட்டத்தைப் பாதியில் சேமித்து வைக்கும் வசதியும் இருந்தது. ஆனால் சிலர் அதையே ஏமாற்று வழியாக்கினார்கள்: இறந்தால் சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்குவது. அதனால், சேமித்ததைத் திறந்த உடனேயே அந்தக் கோப்பை அழித்துவிடும்படி நிரலை மாற்றினார்கள். செய்த பிழையை மறைக்க இடமில்லாமல் போனது.

1983இல் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட யுனிக்ஸ் தொகுப்போடு ரோக்கும் பல கல்லூரிக் கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கு முன்னரே, 1982இல், மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஜே ஃபென்லசன் என்ற பாடசாலை மாணவர் தன் நண்பர்களுடன் சேர்ந்து 'ஹெக்' என்ற விளையாட்டை எழுதினார். ரோக்கின் மூல நிரல் அவர்கள் கையில் இல்லை. தாங்களே புதிதாக எழுதினார்கள். நம் தரம் 12 பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். அதிலிருந்து 1987இல் 'நெட்ஹெக்' பிறந்தது. கல்லூரி விடுதியில் ஒரு நண்பரின் பழைய மடிக்கணினியில் நாம் விளையாடியது அதைத்தான்.

இனி அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம்.

ஏணியும் பாம்பும் விளையாட்டில் 99ஆம் கட்டத்துக்குப் போனவனையும் பாம்பு கீழே இறக்கிவிடும். ஆனால் அதில் நமக்கு ஒரு தீர்மானமும் இல்லை. எல்லாம் தாயக்கட்டையின் கையில். நிலவறை விளையாட்டிலும் அதிர்ஷ்டம் உண்டு. ஆனால் ஒவ்வொரு அடியும் நம் தீர்மானம்.

சில உதாரணங்கள். திறந்த அறையின் நடுவில் நின்றால் ஐந்து எதிரிகள் சுற்றி வளைப்பார்கள். ஒடுங்கிய வழிக்குள் பின்வாங்கினால் ஒவ்வொருவராகத்தான் வர முடியும். வழியில் கிடைக்கும் குப்பிகளில் என்ன மருந்து என்று எழுதியிருக்காது. சிவப்புக் குப்பி இந்த ஆட்டத்தில் மருந்தாக இருந்தால் அடுத்த ஆட்டத்தில் நஞ்சாக இருக்கலாம். ஆகவே உடல் நலமாக, எதிரி பக்கத்தில் இல்லாத நேரத்தில்தான் குடித்துப் பார்க்க வேண்டும். உணவு அளவாகத்தான் கிடைக்கும். பயந்து ஒரே தளத்தில் குந்திக்கொண்டிருக்கவும் ஏலாது.

நாம் முதலில் இறந்தது அவசரத்தால். பிறகு இறந்தது கஞ்சத்தனத்தால்: தப்பிக்கக்கூடிய மந்திரச் சுருள் ஒன்றை "பிறகு உதவும்" என்று பையில் வைத்துக்கொண்டே இறந்தோம். அன்றிரவு நித்திரை வரவில்லை. ஆனால் அடுத்த ஆட்டத்தில் அந்தப் பிழையை நாம் விடவில்லை. வீரனின் வாளும் கவசமும் பொன்னும் போய்விட்டன. கற்றது மட்டும் நம் தலைக்குள் மிஞ்சியது. அதை எந்த நிரலும் அழிக்காது. இதுதான் மகனே, லாபம்.

இன்னொரு விடயம் பெற்றோருக்கு. இந்த விளையாட்டில் நீங்கள் ஓர் அடி வைத்தால்தான் எதிரியும் ஓர் அடி வைப்பான். பாங்கு சொன்னதும் எழுந்து போய்த் தொழுதுவிட்டு வந்தாலும் விட்ட இடத்தில் அப்படியே காத்திருக்கும். "இப்ப எழும்ப ஏலாது உம்மா, ஆட்டம் நடக்குது" என்ற பேச்சுக்கு இடமில்லை. அரை மணி நேரம் யோசித்து ஓர் அடி வைக்கலாம். யோசிப்பதற்கு நேரம் தருவதுதான் அதன் இன்பமே.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. நம் ஊரில் மரணம் என்ற சொல்லை விளையாட்டாக எழுத ஏலாது. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், களப்பில் படகுப் பாதை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் அதில் இருந்தார்கள். போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. அந்தப் பிள்ளைகள் எந்தப் பிழையான அடியும் வைக்கவில்லை. படிக்கப் போனார்கள், அவ்வளவுதான். ஆகவே இந்த விளையாட்டின் பாடத்தை வாழ்க்கை முழுவதற்கும் தூக்கி வைக்க நாம் தயாரில்லை. உயிர் அந்தக் கணக்கில் சேராது.

அது எங்கே பொருந்தும் என்றால், திரும்பத் தொடங்கக்கூடிய விடயங்களுக்கு. சாதாரண தரத்தில் கணிதம் கைவிட்டதும் "எல்லாம் முடிஞ்சு சேர்" என்று மூலையில் ஒதுங்கும் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் காண்கிறோம். அதை ஒரு மரணம் போல வீட்டார் பேசுவதையும் கேட்கிறோம். அது மரணமல்ல. மறுபடி எழுதலாம். எந்தக் கேள்வியில், ஏன் பிழைத்தது என்று தெரிந்துகொண்டு எழுதினால் அடுத்த தடவை அவன் முதலிலிருந்து தொடங்குபவன் அல்ல.

பிள்ளை தோற்று வந்து நிற்கும் நாளில் ஏசுவதற்கு முன் "எந்த இடத்தில பிழைச்ச?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தொடங்கினால் பக்கத்தில் இருந்து கேளுங்கள். அந்த மாணவனிடமும் நாளை அதைத்தான் சொல்லப் போகிறோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.