எஃகின் கடின அடுக்கு ஆழம்: வெட்டாமல் அளத்தல்

பல்சக்கரம், கேம் தண்டு, அச்சு போன்ற எஃகு உறுப்புகளின் புறப்பரப்பில் வெப்பப் பதனத்தால் உண்டாகும் கடின அடுக்கின் ஆழத்தை, உறுப்பைச் சிதைக்காமல் கண்டறியும் முறைகள் இத்தலைப்பில் அடங்கும். வழக்கமான சோதனையில் உறுப்பை அறுத்து, வெட்டுமுகத்தை மெருகேற்றி, விளிம்பிலிருந்து உள்நோக்கி விக்கர்ஸ் கடினத்தன்மையை அளந்துகொண்டே போவர். கார்பன் ஏற்றிய எஃகில் அது 550க்கு இறங்கும் இடமே அடுக்கின் எல்லை. அளந்த உறுப்பு பழைய இரும்பாகிவிடும். அதனோடு உலையேறிய மற்றவையும் அதே ஆழம் பெற்றிருக்கும் என்பது வெறும் அனுமானம்.

இத்துறையின் தொடக்கம் டேவிட் எட்வர்டு ஹியூஸ் 1879இல் லண்டனில் செய்துகாட்டிய தூண்டல் தராசு. கடிகாரத்தின் டிக்டிக் ஒலி மைக்ரோபோன் வழியே மின்துடிப்பாகி ஒரே மாதிரியான இரண்டு சுருள் இணைகளில் ஓடும். இரண்டும் சமமாக இருக்கையில் தொலைபேசிக் குழாயில் ஓசை எழாது. ஒரு சுருளில் உலோகத்தை வைத்ததும் டிக்டிக் கேட்கும். உலோகம் மாறினால் ஓசையின் அளவும் மாறும். இன்றைய சுழல் மின்னோட்டச் சோதனையின் மூலக்கருத்து முழுவதும் இதில் உள்ளது. 1919இல் ஜெர்மானியரான ஹைன்ரிக் பார்க்ஹவுசன், இரும்பை மெல்லக் காந்தமாக்கும்போது காந்தம் சீராக ஏறாமல் தாவித்தாவி ஏறுவதைச் சுருளும் மிகைப்பியும் கொண்டு சலசலப்பாகக் கேட்டறிந்தார். பிற்காலக் காந்த இரைச்சல் முறைக்கு இதுவே அடிப்படை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராய்ட்லிங்கன் நகரில் ஃபிரெடரிக் ஃபோர்ஸ்டர் சுழல் மின்னோட்டக் கருவிகளைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தார்.

கடின அடுக்கில் உள்ள மார்ட்டென்சைட்டு என்னும் எஃகின் கடின நுண்ணமைப்பு, மென்மையான உட்பகுதியைவிடக் குறைந்த காந்த உட்புகுதிறனும் மிகுந்த காந்த நீக்குத்திறனும் உடையது. மின்காந்த முறைகள் இந்த வேறுபாட்டை உணர்கின்றன. மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண்ணைத் தாழ்த்தினால் புலம் ஆழமாக இறங்கும். அதிர்வெண் நான்கில் ஒரு பங்கானால் ஊடுருவல் இரு மடங்காகும். ஆயினும் எஃகின் கலவை, எஞ்சிய தகைவு, வெப்பநிலை ஆகியவையும் குறிப்பை மாற்றுவதால், வெட்டி அளந்த மாதிரிகளோடு ஒப்பிட்டே ஆழம் சொல்ல முடியும். ஆகவே இவை அளவீடு என்பதைவிடத் தரம்பிரிப்பே ஆகும்.

நேரடி அளவீடு என்ற பெயருக்கு உரியது மீயொலி முறை. ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் குறுக்கலை, நுண்ணிய மார்ட்டென்சைட்டில் பெரிதும் சிதறாமல் கடந்து, பருமணிகள் கொண்ட உட்பகுதியைத் தொட்டதும் சிதறித் திரும்பும். வினாடிக்குச் சுமார் 3,200 மீட்டர் வேகத்தில் அது போய்வந்த நேரமே ஆழத்தைத் தந்துவிடும். மின்தூண்டலால் கடினமாக்கிய உறுப்புகளில் எல்லை கூர்மையாக இருப்பதால் இது தெளிவாக வேலை செய்கிறது. கார்பன் ஏற்றிய எஃகில் மாற்றம் படிப்படியானது, எதிரொலியும் மங்கும். மிக மெல்லிய நைட்ரைடு அடுக்குக்கு இது உதவாது.

தற்போது சார்ப்ரூக்கன் ஃபிரவுன்ஹோஃபர் நிறுவனத்தின் 3எம்ஏ போன்ற கருவிகள் பல காந்த அளவுகளை ஒருங்கே எடுத்து ஆழத்தைக் கணிக்கின்றன.