எட்டு வருஷம் தாங்கிய கோட்டை



நான் அவலூர்பேட்டைக்கு வாக்கப்பட்டு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. செஞ்சிக்கு எத்தனையோ முறை பஸ் ஏறியிருக்கிறேன். கோட்டைக்குள் மட்டும் கால் வைத்ததில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மகாராஷ்டிராவில் 11, மீதி ஒன்று நம்ம செஞ்சி. அதைக் கேட்டதும் எங்கள் குழுவே ஒரு வேன் பேசிக் கிளம்பியது.

வேனுக்குள் ஒரே வாக்குவாதம். குழுச் சேமிப்பைப் பிரித்து ஆளாளுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் கேட்டோம். அதில் நானும் ஒருத்தி. மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய நேரம்.

கோட்டை என்றால் ஒரு மலை இல்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை, சுற்றிலும் மதில். 1677-இல் சிவாஜி இதைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் 1689-இல் மொகலாயரிடமிருந்து தப்பி இங்கேதான் வந்து தங்கினார். அவரைப் பிடிக்க ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் முற்றுகை போட்டார். கோட்டை விழுந்ததோ 1698-இல்! நடுவில் 1693-இல் முற்றுகை போட்ட படைக்கே சாப்பாட்டுக்குத் திண்டாட்டமாகி, வந்தவாசிக்குப் பின்வாங்கியது.

எப்படித் தாங்கினார்கள்? கல்யாண மகால் பக்கத்தில் இருக்கும் நெற்களஞ்சியத்தைப் பார்த்தபோது புரிந்தது. அவ்வளவு கனமான சுவர். பக்கத்தில் ஆனைக்குளம், தள்ளிப் போனால் சக்கரகுளம், செட்டிகுளம். ராஜகிரி மேலே வற்றாத சுனை. கிருஷ்ணகிரி மேலேயும் களஞ்சியம் உண்டு.

எங்கள் மூத்த அக்கா சுவரைத் தடவிக்கொண்டே கேட்டாங்க: "இத்தினி நெல்லை எத்தினி பொம்பளைங்க குத்தியிருப்பாங்க! அவங்க பேரு எங்கியாவது இருக்குதா பாரு." தேடினோம். இல்லை.

தேசிங்கு ராஜா கதை நமக்குத் தெரிந்ததுதான். 1714-இல் சின்னப் படையோடு ஆற்காட்டு நவாபை எதிர்த்து, ஒரே சண்டையில் மடிந்தார். உடன்கட்டை ஏறிய அவர் ராணியின் நினைவாகத்தான் ராணிப்பேட்டைக்கு அந்தப் பேர் வந்தது என்பார்கள். "செத்தவளுக்கு ஊர் பேரு, சோறு போட்டவளுக்கு ஒண்ணுமில்ல" என்றாங்க அக்கா.

அங்கிருந்து வீடூர் அணைக்குப் போனோம். செஞ்சி மலைப்பக்கம் பிறக்கும் சங்கராபரணி இங்கே தேங்கி, பிறகு புதுச்சேரிப் பக்கம் போய்க் கடலில் சேர்கிறது. கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரித்தோம்.

"இப்ப என்னம்மா சொல்ற?" என்று அக்கா என்னைக் கேட்டாங்க.

"சேமிப்பைப் பிரிக்க வேணாங்க்கா. எனக்கு உள்கடன் குடுங்க, மாசாமாசம் கட்டிடறேன்" என்றேன்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, பதினான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம். கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த மூத்த அக்காவும் அன்றைக்குத் தன் பேரை எழுத்துக் கூட்டி எழுதினாங்க.