கரிசல் மண்ணில் ஒரு கல்வி நகர்: எட்டயபுரமும் உமறுப் புலவரும்

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கரிய மண் பரந்து கிடக்கும் வெளியின் நடுவே எட்டயபுரம் அமைந்துள்ளது. மேற்கே கோவில்பட்டி, கிழக்கே விளாத்திகுளம். தூத்துக்குடித் துறைமுகம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இப்பேரூராட்சியின் மக்கள்தொகை சுமார் 13 ஆயிரம். அவர்களுள் முஸ்லிம்கள் சிறு பகுதியினரே. ஆயினும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழில் பெருங்காப்பியமாகப் பாடிய உமறுப் புலவர் வாழ்ந்ததும் அடங்கியிருப்பதும் இவ்வூரிலேதான். பெருநகரங்களுக்கு வாய்க்காத இப்பேறு இச்சிற்றூருக்கு எவ்வாறு வாய்த்தது?

முதலில் நிலத்தைப் பார்ப்போம். இப்பகுதியில் வற்றாத ஆறு இல்லை. விளாத்திகுளத்தை ஒட்டிச் சென்று மன்னார் வளைகுடாவில் கலக்கும் வைப்பாறும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே உழவுக்கு ஆதாரம். கரிசல் மண் அந்த ஈரத்தைப் பல வாரங்கள் தன்னுள் தேக்கி வைக்கும்; கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, மிளகாய், மல்லி ஆகியவையே இம்மண்ணின் விளைபொருள்கள். இத்தகைய மானாவாரி நிலத்தில் மக்கள் ஓரிடத்தில் பெருந்திரளாகக் குவிவதில்லை. கண்மாய் உள்ள இடந்தோறும் சிறு சிறு ஊர்களாகப் பிரிந்தே வாழ்வர். எட்டயபுரம் பெருநகராக வளராமைக்கு இதுவும் ஒரு காரணம்.

எனினும் அது வெறும் உழவர் ஊராகவும் இருந்துவிடவில்லை. எட்டயபுரம் பாளையத்தின் தலைநகராகவும், பின்னர் ஜமீனின் இருப்பிடமாகவும் விளங்கியது. கட்டபொம்மனுக்கு எதிராக ஆங்கிலேயருக்குத் துணைநின்றதால் அப்பாளையத்தின் பெயருக்கு வரலாற்றில் நீங்காத கறை உண்டு. அதே அரண்மனைதான் புலவர்களையும் இசைவாணர்களையும் தலைமுறை தலைமுறையாக ஆதரித்தது. முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் இவ்வூரிலேயே மறைந்தார். சுப்பராம தீட்சிதரின் இசைப் பெருநூல் 1904-இல் இங்கிருந்த அச்சகத்தில் அச்சேறியது. 1882-இல் இவ்வூரில் பிறந்த சுப்பிரமணியம் ‘பாரதி’ என்னும் பட்டம் பெற்றதும் இவ்வூர்ப் புலவர் அவையிலேதான். கல்லூரி என்னும் கட்டடம் எழுவதற்கு முன்பே, கற்றோர் கூடும் அவை கல்லூரியின் பணியை ஆற்றியது எனலாம்.

அந்த அவையில் முற்காலத்தில் அமர்ந்தவர் உமறுப் புலவர். அவரது காலம் 1642 முதல் 1703 வரை என்பர். அவர் பிறந்த ஊர் இன்றைய விளாத்திகுளம் வட்டத்து நாகலாபுரம் என்போரும், கீழக்கரை என்போரும் உளர். தந்தையார் சேகு முதலியார் வாசனைத் திரவிய வணிகர். கடற்கரைப் பட்டினங்களையும் உள்நாட்டுச் சந்தைகளையும் இணைத்த வணிகப் பாதைகளே இத்தகைய குடும்பங்களைக் கரிசல் நாட்டுக்குக் கொண்டுவந்தன. சிறுவர் உமறுக்குத் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்பித்தவர் எட்டயபுரம் அரசவைப் புலவர் கடிகைமுத்துப் புலவர். ஆசிரியர் இந்து, மாணாக்கர் முஸ்லிம். கல்விக்கு அது தடையாகவில்லை.

தமிழ் எட்டயபுரத்தில் கிடைத்தது. நபி வரலாற்றின் செய்திகளோ அரபு நூல்களில் இருந்தன. அவற்றைத் தேடி உமறு கடற்கரைக்குச் சென்றார். கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவரைக் காப்பியம் பாடத் தூண்டினார். மார்க்க மேதை சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களின் வழிகாட்டலில் செய்திகள் கிடைத்தன. தொடக்கத்தில் அப்பா தயங்கினார் என்றும், பின்னர் மனமிசைந்தார் என்றும் மரபு கூறுகிறது. சீதக்காதியின் மறைவுக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் பொருளுதவி செய்தார். இவ்வாறு பலர் கைகொடுத்ததால் எழுந்ததே 5,027 பாடல்களும் மூன்று காண்டங்களும் கொண்ட சீறாப்புராணம்.

அந்நூலின் நாட்டுப் படலம் நம் கவனத்துக்குரியது. அங்கு அரபு நாட்டைப் பாடும் புலவர் மேகத்தையும், மலையில் பொழியும் மழையையும், பெருகிவரும் வெள்ளத்தையும், நெல் விளையும் வயல்களையும் பாடுகிறார். இது தமிழ்க் காப்பிய மரபு என்று அறிஞர் கூறுவர், உண்மையே. ஆயினும் மழைக்காக வானத்தைப் பார்த்து வாழும் மண்ணில் வளர்ந்த ஒருவர், அண்ணலாரின் நாட்டை நீர் நிறைந்ததாகக் கண்டதில் இம்மண்ணின் ஏக்கமும் கலந்திருக்கக் கூடும். இங்கு மழையின் மறுபெயர் ரஹ்மத் அன்றோ!

இன்று எட்டயபுரத்தில் பாரதியாரின் நூற்றாண்டு நினைவாக மகளிர் கல்லூரி உள்ளது. நாகலாபுரத்திலும் கலை அறிவியல் கல்லூரி உண்டு. அப்பாவின் பெயரால் 1971-இல் தொடங்கப்பெற்ற கல்லூரி பாளையங்கோட்டையில் சிறந்து விளங்குகிறது. கல்விக்கூடங்களுக்குக் குறைவில்லை. குறைந்து வருவது வேறொன்று. நம் இல்லங்களில் பிள்ளைகள் குர்ஆனை அரபியில் ஓதுகின்றனர். பள்ளிப் பாடங்களை ஆங்கிலத்தில் படிக்கின்றனர். சீறாப்புராணத்தின் ஒரு பாடலைப் பிரித்துப் படிக்கப் பலருக்கும் இயலவில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நமக்காகவே எழுதப்பெற்ற நூல் நம் பிள்ளைகளுக்கு அயலார் நூலாகி வருகிறது.

உமறுப் புலவர் மார்க்க அறிவையும் தமிழறிவையும் ஒன்றுக்கொன்று போட்டியாகக் கருதவில்லை. ஒன்றைக் கரிசலிலும் மற்றொன்றைக் கடற்கரையிலும் பெற்று ஒன்றாக இணைத்தார். அதற்கு அவருக்குப் பெரிய ஊரோ, பெருந்தொகையான சமுதாயமோ தேவைப்படவில்லை. கற்பிக்க ஓர் ஆசிரியரும், ஆதரிக்கச் சில நல்லுள்ளங்களும் போதுமானவையாக இருந்தன. மக்தபில் வாரம் ஒரு பாடலைப் பொருளோடு கற்பிக்க இன்றும் இவையே போதும்.

தூத்துக்குடிச் சாலையில் செல்லும் குடும்பங்கள் எட்டயபுரத்தில் சற்றே இறங்கி, புலவரின் அடக்கத்தலத்தையும் அரசு எழுப்பிய மணிமண்டபத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். அதற்கு முந்திய இரவில் வீட்டில் ஒரு பாடலையேனும் சேர்ந்து படித்திருந்தால், அப்பயணம் இன்ஷா அல்லாஹ் பயனுடையதாகும்.