மூடிய கூட்டங்களும் குறிப்பேடுகளும்: இங்கிலாந்து உள்ளூராட்சியில் மக்களின் அறியும் உரிமை

வரலாற்று மாணவன் ஒரு நகரத்தின் கடந்த காலத்தை ஆராயப் புகும்போது முதலில் தேடிச் செல்வது அந்நகர சபையின் கூட்டக் குறிப்பேட்டையே. எந்தத் தெரு எப்போது அகலமாக்கப்பட்டது, குடிநீர்க் குழாய் எவ்வட்டாரத்திற்கு முதலில் இடப்பட்டது, சந்தைக் குத்தகை எவர் கைக்குச் சென்றது என்பனவெல்லாம் அதிலே ஒழுங்காகப் பதியப்பட்டிருக்கும். ஆயின் அவை ஏன் அவ்வாறு முடிவு செய்யப்பட்டன என்று வினவுவோனுக்கு அக்குறிப்பேடு பெரும்பாலும் விடை தருவதில்லை. விவாதத்துக்குரிய விடயங்கள் மூடிய அமர்விலே பேசப்பட்டு, முடிவு மட்டும் ஏட்டில் ஏறியிருக்கும்.

இக்குறை தற்செயலாக நேர்ந்ததன்று. இங்கிலாந்திலும் வேல்சிலும் உள்ளூராட்சிச் சபைகளின் கதவைத் திறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக் காலமாக மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளை நோக்கின் அதன் காரணம் விளங்கும். கொழும்பு, கண்டி மாநகர சபைகள் 1865 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் நிறுவப்பட்ட காலந்தொட்டு எமது உள்ளூராட்சியும் ஆங்கிலேய மாதிரியைத் தழுவியே வளர்ந்ததாதலின், இவ்வரலாறு எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

வேல்சின் தென்மேற்குக் கரையில் ரென்பி என்றொரு சிறு நகரம் உண்டு. அங்கே வெளிவந்த 'ரென்பி ஒப்சேவர்' பத்திரிகையின் ஆசிரியர் பிராங்க் மேசன், நகரசபை நடவடிக்கைகளைப் பற்றி எழுதியவை உறுப்பினர்களுக்கு உவப்பாக இருக்கவில்லை. அவரைக் கூட்டங்களுக்கு அனுமதிப்பதில்லையெனச் சபை முடிவு செய்தது. அவர் விடவில்லை, வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. சபையின் அனுமதியின்றி அதன் கூட்டத்தில் அமர்ந்திருக்கும் உரிமை பத்திரிகையாளனுக்கோ பொதுமகனுக்கோ இல்லையென 1908 இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதில் ஒரு விநோதமும் உண்டு. 1882 ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டப்படி நகரவாசி எவரும் ஒரு சிலிங் செலுத்திச் சபையின் குறிப்பேட்டைப் பார்வையிடலாம், பிரதியும் எடுத்துக்கொள்ளலாம். ஆக, முடிவை ஒரு சிலிங்குக்கு வாசிக்கலாம். அம்முடிவு பிறந்த விவாதத்தைக் கேட்க இயலாது.

தீர்ப்பு எழுப்பிய எதிர்ப்பின் விளைவாக, அவ்வாண்டு இறுதியிலேயே பத்திரிகையாளரைக் கூட்டங்களுக்கு அனுமதிக்கும் சட்டம் நிறைவேறியது. அது பத்திரிகையாளருக்கு மட்டுமே இடமளித்தது. பொதுமக்களைப் பற்றி எதுவும் கூறவில்லை. பொதுநலன் கருதித் தீர்மானமொன்றின் மூலம் பத்திரிகையாளரைத் தற்காலிகமாக வெளியேற்றவும் அது இடம்விட்டது. எல்லாவற்றிற்கும் மேலாக, அது முழுச் சபையின் கூட்டத்தைக் கருதியதேயன்றிச் சபையின் குழுக்களைப் பெரும்பாலும் கருதவில்லை. சபைகள் இதனை விரைவிலே கண்டுகொண்டன. அதே உறுப்பினர்கள், அதே மண்டபத்தில், தம்மைக் 'குழு' என மாற்றிக்கொள்ளத் தீர்மானித்தால் போதும். பத்திரிகையாளர் எழுந்து செல்லவேண்டியதே. ஐம்பது ஆண்டுகளாக இவ்வழக்கம் நிலைத்தது.

1959 இல் நிகழ்ந்த அச்சுத் தொழில் தகராறின்போது, தொழிற்கட்சியின் ஆதிக்கத்திலிருந்த சில சபைகள், தொடர்ந்து வெளிவந்த பத்திரிகைகளின் நிருபர்களுக்கு வசதிகளை மறுத்தன. இச்சர்ச்சையின் பின்னணியிலேதான், அவ்வாண்டு பாராளுமன்றத்துக்குத் தெரிவான மார்கரட் தட்சர் தனிநபர் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். 1960 பெப்ரவரி 5 ஆம் திகதி அவர் ஆற்றிய கன்னியுரையே அதன் இரண்டாம் வாசிப்புக்கான உரையாகவும் அமைந்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் உள்ளூராட்சிச் சபைகள் ஆண்டுதோறும் 140 கோடி பவுணைச் செலவிடுகின்றன. அப்பணம் எவ்வாறு செலவாகின்றது என்பதை மக்கள் அறிதல் வேண்டும் என்பது அவரது வாதத்தின் சாரம். பிற்காலத்தில் அவரது ஆட்சியைப் பற்றி எவ்வித கருத்துக் கொண்டிருப்பினும், இவ்வாதத்தை மறுப்பது கடினம். அவ்வாண்டே சட்டமான அம்மசோதா பொதுமக்களுக்கும் அனுமதி வழங்கியது; சபை உறுப்பினர் அனைவரையும் கொண்ட குழுக்களையும் தன்னுள் அடக்கியது. பழைய தந்திரம் இனிச் செல்லாது. ஆனால் அனைவரையும் கொண்டிராத குழுக்கள் தப்பின. அவற்றை 1972 ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் திறந்தது. உபகுழுக்கள் அதற்கும் தப்பின.

1960 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மக்களை வெளியேற்றும் தீர்மானம் அதற்கான காரணத்தையும் கூறவேண்டும். லிவர்பூலில் வாடகைக் கார் அனுமதிப்பத்திரங்கள் தொடர்பான குழுக்கூட்டமொன்றில், இடவசதி குறைவு என்பதற்காகப் பொதுமக்கள் வெளியேற்றப்பட்டனர். தீர்மானத்திலோ காரணம் குறிக்கப்படவில்லை. ஆயினும் அக்குறையினால் தீர்மானம் செல்லாததாகிவிடாது என நீதிமன்றம் கொண்டது. இவ்வழக்கின் தீர்ப்பு 1975 இல் அறிக்கையிடப்பட்டது. காரணத்தை எழுதாமல் விடும் பழக்கத்திற்கு இது ஒருவகையில் துணைநின்றதென்றே கூறத் தோன்றுகின்றது. மூடிய அமர்வுகளில் வழமையாக இடம்பெறுவது ஒப்பந்த விடயம் என்பதையும் இங்கு மறத்தலாகாது. அரசாங்க, உள்ளூராட்சி ஒப்பந்தங்களைப் பெறுவதற்குக் கையூட்டு வழங்கிய கட்டிடக் கலைஞர் ஜோன் போல்சன் 1974 இல் சிறை சென்றபோது, நியூகாசில் நகரசபையின் முன்னாள் தலைவர் டான் சிமித்தும் அவ்வாண்டிலேயே சிறை புகுந்தார்.

இதுகாறும் கூறிய சட்டங்கள் யாவும் மண்டபத்தின் கதவைப் பற்றியவை. மூடிய அமர்வில் நிகழ்ந்ததன் பதிவு என்னாவது என்பதை நேராக அணுகியது 1985 ஆம் ஆண்டின் தகவல் பெறும் வாய்ப்புச் சட்டமாகும். ரொபின் ஸ்குவயர் என்ற உறுப்பினர் தனிநபர் மசோதாவாகக் கொணர்ந்த இச்சட்டம் 1986 ஏப்ரிலில் நடைமுறைக்கு வந்தது. உபகுழுக்களும் இதனுள் அடங்கின. கூட்டக் குறிப்புக்கள் 6 ஆண்டுகளுக்கும், அறிக்கைகளுக்கு ஆதாரமான பின்னணிப் பத்திரங்கள் 4 ஆண்டுகளுக்கும் பார்வைக்குத் திறந்திருத்தல் வேண்டும். மக்கள் வெளியேற்றப்பட்ட அமர்வின் குறிப்பிலிருந்து விலக்களிக்கப்பட்ட தகவல் நீக்கப்படலாம்; ஆனால் எஞ்சியது நடந்ததை நியாயமாகவும் தொடர்புபடவும் உணர்த்தாதாயின், சபையின் உரிய உத்தியோகத்தர் இரகசியத்தை வெளியிடாத வகையில் எழுத்துமூலச் சுருக்கமொன்றைத் தயாரித்தல் வேண்டும். எனது நோக்கில் இவ்வரலாற்றில் மிக முக்கியமான ஏற்பாடு இதுவே. வெளியே நிறுத்தப்பட்டவனுக்கும் உள்ளே நடந்ததன் ஒரு பதிவு உரியது என்பதைச் சட்டம் இங்கேதான் ஒப்புக்கொண்டது. அச்சுருக்கத்தை எழுதுபவர் அதே சபையின் ஊழியர் என்பதும் உண்மையே.

பின்னர் கதை பழைய தடத்திற்கே திரும்பியது. 2000 ஆம் ஆண்டின் சட்டம் பெரும்பாலான சபைகளில் அமைச்சரவை போன்ற நிறைவேற்றுக் குழுக்களை உருவாக்கியபோது, அவை பல விடயங்களை மூடிய அறையிலேயே முடிவு செய்ய வாய்ப்பேற்பட்டது. மூடிய கூட்டத்திற்கு 28 நாள் முன்னறிவித்தல் கொடுக்கவேண்டுமென்ற விதி இங்கிலாந்தில் 2012 இலேதான் வந்தது. கட்சிக் குழுக்கள் சபைக்கு முந்திய இரவில் தனியே கூடிப் பேசுவதையோ எச்சட்டமும் தீண்டவில்லை.

ஆவணக் காப்பகத்தின் நிலையும் கவனிக்கத்தக்கது. 1958 ஆம் ஆண்டின் பொதுப் பதிவேடுகள் சட்டம் மத்திய அரசின் பதிவேடுகளுக்கு 50 ஆண்டு எல்லையை விதித்தது. 1967 இல் அது 30 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. உள்ளூராட்சிச் சபைகள் அச்சட்டத்தினுள் அடங்கவில்லை. இலண்டன் அமைச்சரவையின் இரகசியம் காலக்கெடுவின் பின் வெளிவர, ஒரு சிற்றூர்ச் சபையின் மூடிய குறிப்பேடு வெளிவர அத்தகைய நாள் எதுவும் குறிக்கப்பட்டிருக்கவில்லை. 2005 ஜனவரியில் முழு நடைமுறைக்கு வந்த தகவல் சுதந்திரச் சட்டத்தின் பின்னரே, கூட்டம் மூடியதாக நடந்தது என்பது மட்டும் அதன் பதிவை மறுக்கப் போதிய காரணமாகாது என்ற நிலை ஏற்பட்டது.

இலங்கையில் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களையும் பகிரங்க அதிகாரசபைகளுள் அடக்கியுள்ளது. மன்றத்தின் கைவசமுள்ள தகவலையே விண்ணப்பகாரர் அதன்கீழ்க் கோரவியலும். மூடிய அமர்வில் எழுதப்படாது விடப்பட்ட காரணம் அவர் பெறும் பிரதியிலும் இராது.